பாய் ஓரத்தை மிதிக்காமல்

அந்த வீட்டு வாசலில் மூன்று தட்டு வைத்த செருப்பு அலமாரி ஒன்று இருந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் வீட்டுக்காரர் தன் கையாலேயே அடித்தது. மேல் தட்டு அவருக்கு, நடுத்தட்டு பெரியவனுக்கு, கீழ்த்தட்டு சின்னவளுக்கு. குடும்பத்தில் நான்கு பேர். ஆனால் நாலாவது தட்டுக்கு வேலை இருக்கவில்லை. வீட்டம்மா செருப்பைக் கழற்றுவதே இல்லை.

அவள் வேலை செய்யும் சோபா பட்டறையில் அவளை மெஷினக்கா என்று கூப்பிடுவார்கள். ரெக்சினும் தோலும் தைக்கிற கனத்த மெஷின் அவள் கைக்குத்தான் அடங்கும். தினமும் முதல் தையல் போடுவதற்கு முன் மெஷின் சக்கரத்தைத் தொட்டு, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் கடவுளிடம் பேசிவிட்டுத்தான் ஊசியை இறக்குவாள். வலது காலால் மிதிப்பாள். இடது கால் பக்கத்தில் நீட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சல் அந்தக் காலின் பலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து காலிபர்தான். தொடையிலிருந்து கணுக்கால் வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, இடையிடையே தோல் வார், முட்டியில் ஒரு பூட்டு, கீழே கனமான கறுப்பு பூட்ஸ், நடக்கும்போது கையில் ஒரு தடி. கம்பியும் பூட்ஸும் ஆணி அடித்து ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பூட்ஸைக் கழற்றினால் காலிபர் இல்லை; காலிபர் இல்லையென்றால் அவள் நிற்க முடியாது.

அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே அந்த வார்த்தை வந்துவிடும். "உனக்குப் பரவாயில்ல, நீ அப்படியே உள்ள வா." அன்பாகத்தான் சொல்வார்கள். உள்ளே போவாள். பின்னாலேயே ஒரு துடைப்பமோ துணியோ வருவதைக் கண்ணின் ஓரத்தில் பார்ப்பாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

பிரார்த்தனைக் கூடத்துக்குள் மட்டும் அவள் போனதில்லை. அங்கேயும் காவல்காரர் பரவாயில்லை என்றுதான் சொன்னார். அவளுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வெளியே செருப்புகள் குவிந்து கிடக்கும் இடத்தை ஒட்டி ஒரு பெஞ்சு. அதுதான் அவள் இடம். கடவுளுக்கு அங்கிருந்தும் காது கேட்கும் என்று நம்புகிறவள்தான். இருந்தாலும் உள்ளே போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே முப்பது வருஷம் கும்பிடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பெரியவன் ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டி, சுற்றி வளைத்து, கடைசியில் விஷயத்தைப் போட்டு உடைத்தான். அங்கே ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது. அவளுக்கும் பிடித்திருக்கிறது. பெண்ணின் அப்பா, அம்மா இவர்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மூன்று மாதத்தில் எல்லோரும் கிளம்பி வர வேண்டும்.

"பொண்ணோட அப்பா என்ன வேலைடா பாக்கறாரு?" என்று கேட்டார் வேன்காரர்.

"பாய் செய்யறாருப்பா."

"பாயா? சுருட்டி வைக்கிற பாயா?"

"சுருட்ட முடியாதுப்பா. மெத்தை மாதிரி கனமா இருக்கும். ரூம் முழுக்க அதத்தான் பதிச்சிருப்பாங்க, தரையே அதுதான். மூணடிக்கு ஆறடி ஒரு பாய். நீங்க வர்றீங்கன்னு அவங்க ரூமுக்குப் புதுப் பாய் செஞ்சிக்கிட்டிருக்காரு, அவரே."

அவள் அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். புதுப் பாய் என்றதும் அவள் பார்வை தானாகக் கீழே, பூட்ஸுக்குப் போனது.

"அங்க செருப்போட உள்ள போகக்கூடாதில்ல?"

பெரியவன் ஒரு நொடி தாமதித்தான். அந்த ஒரு நொடியிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"கூடாதும்மா. ஆனா உங்களுக்குப் பரவாயில்ல. நான் முன்னாடியே சொல்லிடறேன், அவங்க புரிஞ்சுக்குவாங்க…"

"சொல்லாத" என்றாள். குரல் உயரவில்லை. அவள் குரல் எப்போதும் உயராது. "ஒருத்தர் கையால செஞ்ச புதுப் பாய். அதுமேல முத முதல்ல சம்பந்தியம்மா பூட்ஸ் காலோட ஏறுறதா? நான் கழட்டிட்டுத்தான் வருவேன். எப்படின்னு கேக்காத. நீ வாயே திறக்காம இரு, அது போதும்."

போன் வைத்த பிறகு வேன்காரர் தலையைச் சொறிந்தார். "ஏம்மா, அந்த ஒரு நாளைக்கு மட்டும் ஒரு வீல் சேர்…"

"அதோட சக்கரம் என்ன ஆகாயத்துலயா உருளும்?"

"சரி, நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டுப் போயிடறோம்."

"பொண்ணு பாக்கப் போறேனா, பீரோ எறக்கப் போறேனா?"

வேன்காரர் பின்வாங்கினார். "இவ ஒத்தக்கால்ல நின்னுட்டா அவ்வளவுதான்" என்று சின்னவளிடம் முணுமுணுத்தார். "ரெண்டு கால்ல நிக்கறவங்களாலயே அவள அசைக்க முடியாது."

மறுநாள் பட்டறையில், சோபா கால்களுக்கு அடியில் ஒட்டுகிற ஃபெல்ட் துணியைப் பார்த்ததும் அவளுக்கு யோசனை பிறந்தது. தரை கீறாமல் இருக்க சோபாவுக்கே காலுறை போடுகிறோம், எனக்குப் போட முடியாதா? மிச்சமிருந்த மெரூன் வெல்வெட்டில் பூட்ஸ் அளவுக்கு ஒரு உறை வெட்டினாள். அடியில் இரண்டு அடுக்கு ஃபெல்ட். கை பழக்கத்தில் சுற்றி வரக் கயிறு வைத்து விளிம்பும் தைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டினாள்.

வேன்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பிரமாதம். ரெண்டு கைப்பிடி வச்சிட்டா வர்றவங்க உக்காந்துக்கலாம்."

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். அவனிடமிருந்து உடனே பதில் வந்தது. சிரிக்கவில்லை அவன்.

"அம்மா, நல்லாத்தான் இருக்கு. ஆனா பாய் ரூமுக்குள்ள வீட்டுச் செருப்பு கூட போட மாட்டாங்க. உறைக்குள்ள பூட்ஸ் இருக்கில்ல? அது தெரு மிதிச்ச பூட்ஸ்தானேம்மா."

அவன் சொன்னது சரி. பூட்ஸுக்குச் சட்டை போட்டாலும் பூட்ஸ் பூட்ஸ்தான். மெரூன் உறையைக் கழற்றி மடித்து மெஷின் பெட்டிக்குள் வைத்தாள். அன்று இரவுச் சமையலில் உப்பு போட மறந்தாள். யாரும் அதைச் சொல்லவில்லை.

அந்த வாரமே அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த காலிபர் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரர் இருபது வருஷமாக அவளுக்கு வார் மாற்றி, கம்பி நிமிர்த்திக் கொடுக்கிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"பூட்ஸ் தனியா கழலணும். கம்பி காலோடயே நிக்கணும். வேற ஒரு சுத்தமான ஷூவ அதே கம்பியில மாட்டிக்கணும். முடியுமாண்ணே?"

"முடியுமே. குதிகால்ல ஒரு குழாய் வச்சு, கம்பி நுனிய உருண்டையாக்கி அதுல சொருகிட்டா, இந்த ஷூவ உருவி அந்த ஷூவ மாட்டலாம். நெறைய பேருக்குச் செஞ்சிருக்கேன்."

"நெறைய பேருக்கா? எனக்கு ஏண்ணே செய்யல?"

"நீ கேக்கலையேம்மா."

"இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாதே!"

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். அவர் முகத்தில் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது. "ஆணி அடிச்சதையே நீ சந்தோஷமா போட்டுக்கிட்டுப் போன. பரவாயில்லன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

இவருமா, என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் கோபப்பட்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. பத்து நாளில் குழாய் வைத்த பூட்ஸ் வந்தது. வீட்டு ஷூவின் மேல்பாகத்தை அவளே தைத்தாள். மெல்லிய சாம்பல் நிறத் துணி, அடியில் ஃபெல்ட். அந்த ஷூ தெருவை ஒருநாளும் பார்க்கக் கூடாது என்று துணிப்பையில் போட்டு வைத்தாள்.

பெரியவன் அந்த வீட்டு வாசலின் அளவுகளை அனுப்பினான். கதவைத் திறந்ததும் கீழே ஒரு சின்னத் தரை. அங்கேதான் செருப்பைக் கழற்ற வேண்டும். அதற்கு அப்பால் ஒரு சாண் உயரத்தில் வீட்டுத் தரை ஆரம்பிக்கும். கழற்றிய காலால் கீழ்த்தரையை மிதிக்கக் கூடாது. வெளியே மிதித்த செருப்பால் மேல்தரையைத் தொடக் கூடாது. கழற்றியதை, வாசலைப் பார்த்தபடி திருப்பி வைக்க வேண்டும். பாய் அறையில் இன்னொன்று. பாயின் நீளப் பக்கம் இரண்டிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி வைத்துத் தைத்திருப்பார்கள். அந்த ஓரத்தை மிதிப்பது மரியாதை இல்லை.

"அது எதுக்குடா மிதிக்கக்கூடாது?" என்றார் வேன்காரர். "ஷாக் அடிக்குமா?"

"ஓரந்தாங்க முதல்ல தேயும்" என்றாள் அவள் சட்டென்று. "எத்தன சோபா பிரிச்சிருக்கேன். நடுவுல நல்லாத்தான் இருக்கும், ஓரம் பிஞ்சு தொங்கும். தச்சவனுக்குத் தெரியும் அந்த வலி."

மற்ற மரியாதைகள் எல்லாம் பெரியவன் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தவை. இந்த ஒன்று மட்டும் யாரும் சொல்லித்தராமலே அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. நாற்காலி, மேஜை எல்லாம் சுவரோரம் போயின. தையல் சாக்பீஸால் தரை முழுக்க மூன்றடிக்கு ஆறடிக் கட்டங்கள் போட்டாள். நீளப் பக்கங்களுக்கு இரண்டு விரல் அகலத்தில் ஓரம். பழைய பெட்டிப் பலகைகளை அடுக்கி ஒரு சாண் மேடை கட்டினார் வேன்காரர். சின்னவள் கையில் போன், அதில் கடிகாரம்.

முதல் தடவை பலகை மேல் உட்கார்ந்து பூட்ஸை மாற்றி எழுந்திருக்க ஒன்பது நிமிடம் ஆனது. ஒரு சாண் உயரத்திலிருந்து எழுவதுதான் பெரும்பாடு. வேன்காரர் ஒரு கை, சின்னவள் ஒரு கை இழுத்துத்தான் நிறுத்தினார்கள்.

"அங்க அவங்க எல்லாரும் நின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்கம்மா, ஒன்பது நிமிஷம்" என்றாள் சின்னவள்.

"அதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிடும்" என்றார் இவர்.

அவள் மறுநாள் பட்டறையில் இறுக்கமான ஃபோமில் ஒன்றரைச் சாண் கனத்துக்கு ஒரு சதுரம் அறுத்தாள். மேல்தரையின் விளிம்பில் அதை வைத்து உட்கார்ந்தால், உள்பக்கம் திரும்பி எழும்போதும் ஒரு முக்காலி உயரம் இருக்கும். முதலில் அதற்குத் துணி உறைதான் தைத்தாள். உட்கார்ந்து திரும்பப் பார்த்தால், துணி பிடித்து இழுத்தது. பிரித்துப் போட்டுவிட்டு மேல்பக்கம் மட்டும் வழவழ ரெக்சின் வைத்தாள். இப்போது வெளியே பார்த்து உட்கார்ந்து, ஷூவை மாற்றி, இரண்டு காலையும் தூக்கி அப்படியே உள்பக்கமாக வழுக்கித் திரும்பினால் கால் நேராக மேல்தரைக்குப் போய்விடும். முட்டியைப் பூட்டி, தடியை ஊன்றி எழுந்தால் முடிந்தது. தடிக்கும் அடியில் போட ரப்பர் குல்லா, வெளிக்கு ஒன்று, உள்ளுக்குப் புதிதாக ஒன்று.

ஒன்பது நிமிடம் ஐந்தானது. ஐந்து மூன்றானது.

பிறகு ஒருநாள் மாலை விழுந்தாள்.

எழுந்து நின்று முதல் அடி வைத்ததுமே ஃபெல்ட் பலகையில் வழுக்கிவிட்டது. தடி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முழங்கை வீங்கிப் போனது. சின்னவள் அழுதாள். வேன்காரர் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டே, எப்போதும் இல்லாத குரலில் சொன்னார்: "போதும்மா. கையும் போயிட்டா தையலுக்கு என்ன பண்ணுவ? அவன்கிட்ட நான் பேசறேன். சொன்னா அவங்க கேட்டுக்குவாங்க. நல்ல மனுஷங்க."

"நல்ல மனுஷங்கதான். அதான் பிரச்சினை" என்றாள் அவள். "எல்லாரும் நல்ல மனுஷங்க. நல்லவங்களாவே இருந்து இருந்து என்னை எங்கயும் வாசல்லயே நிறுத்திட்டாங்க. கடவுள் எனக்குக் கால்ல கொறச்சாரு, கையில கூட்டியே கொடுத்திருக்காரு. இந்தக் கை இருக்கறவரைக்கும் நான் பரவாயில்லைன்னு கேட்டுக்கிட்டு உள்ள போக மாட்டேன். ஐஸ அழுத்தி வைங்க, அங்க இல்ல, இங்க."

வீக்கம் வடிந்ததும் ஃபெல்ட்டைக் கிழித்தாள். பட்டறையில் விழுந்து கிடந்த தோல் துண்டு ஒன்றை எடுத்து, வழவழப்பு உள்ளே போக, சொரசொரப்பு வெளியே வர அடிப்பாகம் வைத்தாள். தரையைப் பிடித்தது, கீறவில்லை. முதலாளியின் புது மேஜை மேல் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள். முதலாளி பார்க்காத நேரமாக.

சாக்பீஸ் ஓரங்கள் அதற்குப் பிறகும் படுத்தின. அவளுடைய இடது கால் நேராக வராது. அரைவட்டம் அடித்துத்தான் வரும். அந்த அரைவட்டம் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போகும். சின்னவள் நடுவர். "அவுட்!" என்று கத்துவாள். ஒரு நாளைக்கு இருபது முறை அவுட். வேன்காரரும் கூட நடந்து பார்த்தார். இரண்டு நல்ல காலை வைத்துக்கொண்டு அவளைவிட அதிகம் மிதித்தார். கடைசியில் அவளே கண்டுபிடித்தாள்: ஓரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்று, வலது காலை முதலில் தாண்டி வைத்து, தடியை ஊன்றி, இடது காலை உயரத் தூக்கி எடுத்துவிட வேண்டும். மூன்று வாரம் அதையே செய்தாள். பட்டறையில் ரெக்சின் சுருளைத் தாண்டும்போதும் அப்படியே தாண்டினாள். "மெஷினக்கா, இன்னாத்துக்கு இல்லாத பள்ளத்த தாண்டறீங்க?" என்று கேலி செய்தார்கள். "பழகிக்கறேன்" என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், வேலை நாள் ஒன்றின் மத்தியானம், தனியாகப் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனாள். தன் பெஞ்சில் உட்கார்ந்தாள். பூட்ஸை உருவினாள். பையிலிருந்து சாம்பல் ஷூவை எடுத்து மாட்டினாள். தடிக்குக் குல்லா மாற்றினாள். காவல்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான்தான் அப்பவே சொன்னேனேம்மா, நீங்க எப்ப வேணா உள்ள வரலாம்னு."

"சொன்னீங்க. நான்தான் இப்ப வர்றேன்."

உள்ளே எவ்வளவு நேரம் இருந்தாள், என்ன கேட்டாள் என்பது அவளுக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ளது. வெளியே வந்தபோது முகம் கழுவினதுபோல் இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

விமானம், ரயில், பெரியவனோடு இன்னொரு ரயில். அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவள் ஷூப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பெண்ணின் அப்பா, குட்டையான, கனத்த விரல்கள் கொண்ட மனிதர், வாசலிலேயே குனிந்து வரவேற்றார். அம்மா இன்னும் தாழக் குனிந்தார். பெண், "வாங்க அம்மா" என்று தமிழில் சொல்லிவிட்டு முகம் சிவந்தாள்.

கதவு திறந்தது. உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேல்தரையிலிருந்து ஆரம்பித்து, நடைவழி முழுக்க, பாய் அறைக்குள்ளும், ஒரு வெள்ளைத் துணி நீளமாக விரித்திருந்தது. அவள் பூட்ஸ் காலோடு நடந்து போவதற்கு.

"டேய்" என்றாள் மெதுவாக.

"சத்தியமா நான் சொல்லலம்மா" என்றான் பெரியவன். "நம்ம வீட்டு போட்டோல உங்க காலப் பாத்திருக்காங்க. அவங்களா செஞ்சிருக்காங்க. கஷ்டப்பட வேணாம், அப்படியே வரலாம்னு சொல்றாரு."

வேன்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். கடல் தாண்டி வந்தும் அதே வார்த்தை, இம்முறை துணியாக.

அவள் பெண்ணின் அப்பாவைப் பார்த்து, தலையை நன்றாகத் தாழ்த்தினாள். "ரொம்ப நன்றின்னு சொல்லு. ஆனா அவரு செஞ்ச பாய நான் பாக்கணும். துணிய பாக்க வரலன்னு சொல்லு." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "எடுடி."

சின்னவள் துணியின் நுனியை மடித்து ஒதுக்கிவிட்டு ஃபோம் சதுரத்தை விளிம்பில் வைத்தாள். அவள் உட்கார்ந்தாள். வலது செருப்பைத் தளர்த்தினாள். இடது பூட்ஸை உருவினாள். சாம்பல் ஷூ குழாயில் 'டக்' என்று உட்கார்ந்தது. வழுக்கித் திரும்பினாள். குல்லா மாற்றினாள். பூட்டைப் போட்டாள். எழுந்தாள். சின்னவள் போனைப் பார்க்காமலே "ரெண்டு நிமிஷம் கூட ஆகல" என்று கிசுகிசுத்தாள்.

பெண்ணின் அப்பாவின் பார்வை அவள் முகத்தில் இல்லை. அந்த ஷூவின் தையலில் இருந்தது. குனிந்து, சொரசொரப்பான தோல் அடியை உற்றுப் பார்த்தார். பிறகு முழங்காலிட்டு, வெள்ளைத் துணியை அறைக் கடைசிவரை தானே சுருட்டிக்கொண்டு போனார்.

பாய் இளம்பச்சையாக இருந்தது. ஓரம் கருநீலம். அவள் ஒரு முழம் முன்னால் நின்றாள். வலது கால். தடி. இடது காலை உயரத் தூக்கினாள். தாண்டினாள். இன்னொரு ஓரம். தாண்டினாள். பின்னாலேயே வந்த வேன்காரர் மூன்றாவது ஓரத்தைச் சரியாக நடுவில் மிதித்தார்.

"அவுட்" என்றாள் சின்னவள், தன்னை மறந்து.

பெண் அதை மொழிபெயர்த்தாளோ என்னவோ, அவளுடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மெஷினக்கா தனக்காகப் போட்டிருந்த தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்ததும், கை எட்டிய தூரத்தில் இருந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நூல் எங்கும் தளரவில்லை, ஒரே இழுப்பு. "நல்லா இழுத்துப் பிடிச்சுத் தச்சிருக்காருடா" என்றாள். பெரியவன் அதை அவர் மொழியில் சொன்னதும் அந்தக் கனத்த விரல்காரர் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். தன் விரல் நுனியில் இருந்த ஊசித் தழும்பைக் காட்டினார். அவள் தன்னுடையதைக் காட்டினாள்.

பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. இத்தனை ஒத்திகையிலும் ஒன்றை விட்டுவிட்டாள். பூட்ஸை வாசல் பார்த்துத் திருப்பி வைக்கவில்லை. உருவிய இடத்திலேயே விட்டுவிட்டாள். பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

பெண்ணின் அம்மா எல்லாவற்றையும் எப்போதோ திருப்பி வைத்திருந்தார். வேன்காரரின் செருப்பு, பெரியவனின் ஷூ, சின்னவளின் ஷூ. அவற்றுக்குப் பக்கத்தில் அந்தக் கனமான கறுப்பு பூட்ஸும், குதிகால் குழாயோடு, வாசலைப் பார்த்துக்கொண்டு, ஒரே வரிசையில்.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபோம் சதுரத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். சின்னவள் சதுரத்தைப் பைக்குள் போட எடுத்தாள்.

"அது இங்கயே இருக்கட்டும்" என்றாள் அவள். "கல்யாணத்துக்கு வரும்போது வேணும்." பிறகு வேன்காரரிடம் திரும்பி, "என்னங்க, ஊருக்குப் போனதும் அந்த அலமாரியில இன்னொரு தட்டு அடிச்சிடுங்க. கொஞ்சம் உயரமா" என்றாள்.